கோணல் முத்தின் பெயர்

ஐரோப்பியக் கலையில் ஒரு காலகட்டத்துக்கே ‘பரோக்’ என்று பெயர். ரூபன்ஸின் ஓவியம், பாக்கின் இசை எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பெயருக்கு மூலம் உருண்டை கெட்ட முத்து என்று படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே குறுகுறுப்பு. போர்ச்சுக்கீசியர் முத்தெடுத்த கரை எங்கள் தூத்துக்குடி ஆயிற்றே!

தேடப் போனால் இரண்டு மூலம் கிடைத்தது. இடைக்காலத் தர்க்கத்தில் ‘பரோக்கோ’ என்றொரு வாதமுறை உண்டு. அதை நேராக நிறுவ முடியாது. முடிவு பொய் என்று வைத்துக்கொண்டு, அதில் முரண் வருவதைக் காட்டிச் சுற்றி வளைத்துத்தான் நிறுவ வேண்டும். பெயருக்கு மூலம் இந்தச் சொல்தான் என்று ரூசோ நம்பினார். எனக்கென்னவோ முத்தின் பக்கம்தான் சாட்சி வலுவாக இருக்கிறது. 1563இல் கோவாவில் அச்சான தன் மருந்து நூலில் கார்சியா த ஓர்த்தா, வடிவம் கெட்ட முத்துகளை ‘பர்ரோக்கோ’ என்கிறார். 1694இல் வந்த பிரெஞ்சு அகாதெமி அகராதியில் அது முத்துக்கு மட்டுமே உரிய சொல். ‘ஒழுங்கற்றது, விசித்திரமானது’ என்ற பொருள் 1740 பதிப்பில்தான் ஏறுகிறது. அப்புறம் வசையாகத் திரிந்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலைப் பெயராக மரியாதை பெற்றது.

சொல் எங்கள் கரையில் பிறந்தது என்று உரிமை கொண்டாட மாட்டேன். எங்களுக்குத்தான் சொந்தச் சொற்கள் இருந்தனவே! குற்றமற்றது ஆணி. வளைந்து மடிந்தது மடங்கு. இரண்டு ஒட்டிப் பிறந்தது குறுவல். உருக்குலைந்தது பீசல். கடைசியில் தூள். மன்னார் வளைகுடாவின் மறுகரையில் நடந்த சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, பார்த்த ஜேம்ஸ் கார்டினர், 1807இல் வெளியான நூலில் தரம் பிரிக்கும் முறையை விவரிக்கிறார். அடியில் துளையிட்ட பித்தளைச் சல்லடைகள் பத்து, 20 முதல் 1000 வரை எண்ணிட்டவை. அவற்றில் சலித்து அளவு பார்த்த பிறகு, உருட்சியும் ஒளியும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள்.

சிப்பியின் மென்சதைக்குள் தடையில்லாமல் வளர்ந்தால் முத்து உருண்டையாகும். தசை ஒட்டும் இடத்தில் அகப்பட்டால் கோணலாகும்.

பனிமய மாதா கோயில் பக்கம் ஒரு பெரியவரிடம் கோணல் முத்தின் படத்தைக் காட்டி, “ஐயா, இதுக்கு என்ன பேரு?” என்றேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “மடங்குல்லா தம்பி இது!”

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் சிலரே மிச்சம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய முத்துக் கணக்கேடு கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிரித்துப் படியுங்கள், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.