கந்தோர்க் கட்டிடத்தில் குடித்தனம்

பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு கொழும்புக் கோட்டைப் பகுதி வெறிச்சோடிப் போவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். கல்கரி நகரின் நடுப்பகுதியும் அப்படித்தான். எல்லாம் எண்ணெய்க் கம்பனிகளின் கந்தோர்கள். 2014இல் எண்ணெய் விலை விழுந்த பிறகு அவை ஒவ்வொன்றாகக் காலியாகின. சில வருடங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இடம் வெறுமையாகிவிட்டது. 2021இல் நகரசபை ஒரு திட்டம் கொண்டுவந்தது. கந்தோரை வீடாக மாற்றினால் சதுர அடிக்கு 75 டொலர் வரை உதவி. அப்படி மாறிய ஒரு கட்டிடத்தின் ஒன்பதாம் மாடியில்தான் நாங்கள் இருக்கிறோம்.

வீடு பார்க்கப் போனது ஒரு புதன்கிழமை மத்தியானம். தெருவுக்குப் பதினைந்து அடி உயரத்தில் கட்டிடத்துக்குக் கட்டிடம் கண்ணாடிப் பாலங்கள் போட்டிருக்கிறார்கள், 'பிளஸ் பிஃப்டீன்' என்று பெயர். அதற்குள் அவ்வளவு சனம். "நல்லூர்த் தேர் மாதிரி இருக்கு" என்றார் மாமி. குடிவந்தது ஞாயிற்றுக்கிழமை. பாலத்துக் கதவு பூட்டு. சாப்பாட்டுக் கடைகள் பூட்டு. பால் வாங்க இவர் அரை மணித்தியாலம் நடந்தார். நீங்களும் இப்படியான இடத்தில் வீடு எடுப்பதென்றால் ஒரு ஞாயிறு பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

கந்தோர் மாடிகள் அகலமானவை. யன்னல் வெளிச்சுவரில் மட்டும்தான். அதனால் எங்கள் இரண்டு படுக்கையறைகளில் ஒன்றுக்கு யன்னலே இல்லை, வரவேற்பறை வெளிச்சம் கண்ணாடிக் கதவால் வரும். மற்ற யன்னல்களும் திறக்காது. இது எவ்வளவு பெரிய விஷயமென்று முதல் தை மாதம்தான் தெரிந்தது.

மாமி கறித்தூளுக்கு மிளகாய் வறுத்தார். புகை மண்டியது. யன்னல் திறக்க வழியில்லாமல் நான் வாசற்கதவைத் திறந்துவிட்டேன். அதுதான் பிழை. வீட்டுக்குள் இருக்கும் புகைக்கருவி எங்கள் காதைத்தான் அடைக்கும். நடைவழியில் இருப்பது கத்தினால் கட்டிடம் முழுவதும் இறங்கவேண்டும். லிஃப்ற் பாவிக்கக்கூடாது. மாமி போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒன்பது மாடியும் படியால் இறங்கினார். வெளியே குளிர் கழித்தல் 22 பாகை. தீயணைப்புக்காரர் வந்து, மிளகாய் என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது.

ஆனால் அன்றைக்குத்தான் இந்தக் கட்டிடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையே கண்டோம். ஆறாம் மாடி எரித்திரியாப் பெண் தன் சால்வையைக் கழற்றி மாமியின் தலையில் போட்டாள். அவர்களும் மிளகாய் வறுத்துத் தூள் இடிக்கிறவர்கள்தானாம்; போன வருடம் கட்டிடத்தை இறக்கியது தான்தான் என்றாள். இப்போது வறுப்பதென்றால் கதவடியில் ஈரத்துணி வைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வறுக்கிறோம்.

மற்றபடி குறையில்லை. அரிசி, மீன், கீரைக்குச் சைனாடவுன் நடை தூரம். 2018இல் திறந்த பெரிய நூலகம் பிள்ளைகளுக்கு இரண்டாவது வீடு, அட்டைக்குக் காசில்லை. எங்கள் சாமான்களுக்குத்தான் ரயிலெடுத்து வடகிழக்குக்குப் போகவேண்டும். எங்கட சனமும் அங்கேதான் கூட. மாமி வந்த நாள்முதல் கேட்டது அங்கே போவோம் என்றுதான். இதனால் எனக்கும் இவருக்கும் பலமுறை வாய்த்தர்க்கமும் வந்தது. இவருக்கு எதிர்க் கோபுரத்தில் இரவுத் துப்புரவு வேலை. முடிய இரண்டு மணியாகும். அந்த நேரத்தில் ரயில் இல்லை, எங்களிடம் கார் இல்லை.

வருகிற மாதம் ஒப்பந்தம் முடிகிறது. வடகிழக்கில் ஒரு நிலக்கீழ் வீடு வாடகைக்கு வருகிறதாம், காரும் தவணைக்கு எடுக்கலாம் என்று நேற்று மாமியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் யன்னலடிக் கதிரையில் இருந்து எதிர்க் கட்டிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு மாடியில் வெளிச்சம் அணைந்து அதற்குக் கீழ்மாடியில் எரிந்தது.

"பதினொன்று முடிச்சிட்டான். இன்னும் நாலு மாடி" என்றார். பிறகு கேட்டார்: "அங்க போனா இது தெரியாதெல்லே?"