சிக்னல் கம்பத்துக்குப் பின்னால்

நம் ஊர்களில் ‘கைகாட்டி’ என்று அழைக்கப்பட்ட பழைய இரயில் சமிக்ஞை, மும்பையின் புறநகர்ப் பாதைகளிலிருந்து மிக முன்னதாகவே விடைபெறத் தொடங்கிவிட்டது. 1925 பிப்ரவரி 3 அன்று நாட்டின் முதல் மின்சார இரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து துறைமுகப் பாதை வழியாகக் குர்லாவுக்கு ஓடியது. மூன்றாண்டுகள் கழித்து, 1928இல், அதே முனையத்துக்கும் பைகுல்லாவுக்கும் இடையே இந்தியாவின் முதல் தானியங்கி வண்ணவிளக்குச் சமிக்ஞைகள் நிறுவப்பட்டன. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி ஓடும் பாதையில், கேபினிலிருந்து நெம்புகோலால் கம்பியிழுத்து அசைக்கும் கை போதவில்லை. வண்டி நிற்பதைத் தண்டவாளத்தில் பாயும் மின்சுற்றே உணர்ந்து, பின்னால் வருவதற்குச் சிவப்பைக் காட்ட வேண்டியிருந்தது.

மும்பையின் இரயில் ஆர்வலர்கள் இந்த மாற்றங்களைத் துரத்திப் படமெடுப்பவர்கள். அவர்களுக்கு வேலை குறைந்ததே இல்லை. 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய பாதைகள் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறின. மேற்கு இரயில்வேயில் 2012இலும், மத்திய இரயில்வேயின் முதன்மைப் பாதையில் 2015இலும், துறைமுகப் பாதையில் 2016 ஏப்ரலிலும் இப்பணி நிறைவுற்றது. வெள்ளையும் ஊதாவுமான சீமென்ஸ் வண்டிகள் 2007 நவம்பரில் ஓடத் தொடங்கின. குளிரூட்டப்பட்ட முதல் லோக்கல் 2017 டிசம்பர் 25 அன்று வந்தது. இவ்விருவகை வண்டிகளின் பெட்டிகளும் சென்னை பெரம்பூரில் உருவானவை என்பது மும்பைத் தமிழர்களுள் பலர் அறியாத செய்தி.

நான் நகர வரலாற்றை ஆராய்பவன், தாராவியில் பிறந்தவன். தாதரில் அருகருகே ஓடும் மேற்கு, மத்திய இரயில் பாதைகள் வடக்கே செல்லச் செல்ல விலகுகின்றன. அந்த இடைவெளியில்தான் தாராவி இருக்கிறது. ஒருபுறம் மாட்டுங்கா ரோடும் மாஹிமும். மறுபுறம் மாட்டுங்காவும் சயானும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடவும் கூலி வேலைக்குமாக வந்த எங்கள் முன்னோர்க்கு எல்லைக்கற்களாக அமைந்தவை இந்தத் தண்டவாளங்களே. அவற்றை ஒட்டி எழுந்த குடிசைகள் அரசு ஏடுகளில் ‘ஆக்கிரமிப்பு’ என்ற ஒற்றைச் சொல்லாக மட்டுமே எஞ்சுகின்றன. எந்த ஆண்டில் எத்தனை வீடுகள், எந்தக் கூரை, எந்தப் பக்கம் வாசல் என்பவற்றுக்கு ஏடுகளில் விடையில்லை.

இந்த விடைகளைத் தேடியபோதுதான் இரயில் ஆர்வலர்களின் படத்தொகுப்புகள் எனக்கு வரலாற்று மூலங்களாயின. செம்பூரில் வாழும் ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர் எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து ஞாயிறுதோறும் படமெடுத்தவர். 2006 ஜூலை 11 அன்று மேற்கு இரயில்வேயின் புறநகர் வண்டிகளில் ஏழு குண்டுகள் வெடித்த பின்னர், கேமராவோடு நடைமேடையில் நிற்பவரைச் சந்தேகத்தோடு பார்க்கும் காலம் வந்தது. அவரும் நிறுத்திக்கொண்டார். ஆனால் எடுத்தவற்றை இரும்புப் பெட்டியொன்றில் காத்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு படத்தின் முதுகிலும் தேதி, இடம், வண்டி, விளக்கின் நிறம்.

அவற்றுள் ஒன்றில் இவ்வாறு எழுதியிருந்தது: ‘17-3-1991, ஞாயிறு. சயான் மேம்பாலத்திலிருந்து தெற்கு நோக்கி. அப் ஸ்லோ சிக்னல் மஞ்சள். எதிரே டவுன் லோக்கல்.’ படத்தின் நடுவே சிக்னல் கம்பம். அதற்குப் பின்னால், வலப்புறம், தகரக் கூரைகளின் வரிசை; ஒரு பச்சைக் கதவு; கொடியில் துணிகள்.

“சார், இந்த வீடுகளைப் பற்றி ஏதாவது நினைவிருக்கிறதா?” என்று கேட்டேன்.

“வீடா? அது பேக்கிரவுண்டுப்பா. வண்டி மறைக்காம சிக்னல் கிடைக்கணும்னு ஒரு மணி நேரம் நின்னேன்” என்றார். அதில் அலட்சியம் இல்லை. தன் கலையில் தோய்ந்தவரின் நேர்மை இருந்தது. செம்பூருக்கும் தாராவிக்கும் இடையிலுள்ள தொலைவை அந்த ஒரு சொல் எனக்கு அளந்து காட்டியது என்பதும் உண்மையே.

அப்படத்தின் நகலை எங்கள் தெருவில் இப்போது குடியிருக்கும் ஆச்சி ஒருவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். “ஏய்யா, இது எங்க வீட்டுக் கதவுல்லா! ஒங்க தாத்தா பெயிண்டு அடிச்சாரு பாத்துக்கோ” என்றார். தாத்தா என்றது, காலஞ்சென்ற தம் கணவரை. அந்த வீடும் இன்று இல்லை. அது நின்றதற்கு அவரிடம் வேறு படம் எதுவும் இல்லை.

இதை நெகிழ்ச்சியான நிகழ்வாக மட்டும் சொல்ல நான் விரும்பவில்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்னர் தரைத்தளத்தில் குடியிருந்தோர்க்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. பின்னர் வந்தோர்க்கும் மாடியில் இருப்போர்க்கும் தாராவிக்கு வெளியே. மாட்டுங்கா இரயில்வே நிலத்தின் ஒரு பகுதியும் இத்திட்டத்தில் சேர்ந்துள்ளது. வாழ்ந்ததை நாள் குறித்து நிறுவ வேண்டிய நெருக்கடியில் ஒரு சமூகமே நிற்கிறது. அதிகாரிகள் கேட்பவை வாக்காளர் பட்டியலும் மின்கட்டணச் சீட்டும் போன்றவை. பிறர் எடுத்த இரயில் படத்தைக் காட்டி யாரும் வீடு பெற இயலாது. ஆனால் அந்தப் பாதையோர வாழ்க்கை எத்தகையது, எத்தனை காலம் நீடித்தது என்று நாளை எழுதப்போகும் வரலாற்றுக்கு இப்படங்கள் சாட்சி.

சாட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. ஊதா வண்டி தெரிந்தால் படம் 2007க்குப் பிந்தையது எனலாம். பழைய வண்டி மட்டும் தெரிந்தால் அது 1991ஆகவும் இருக்கலாம், 2003ஆகவும் இருக்கலாம். 2000 என்ற கோட்டின் எந்தப் பக்கம் ஒரு வீடு நின்றது என்பதை வண்டியால் சொல்ல இயலாது. படத்தின் முதுகில் எழுதிய தேதியே சொல்லும். இடத்தைச் சொல்வது, பாதையோர மின்கம்பத்தில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் எண்ணும் வரிசை எண்ணும். எடுத்த இடம்கூட நிலையானதன்று: 1912இல் கட்டப்பட்ட சயான் மேம்பாலம், இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. அந்தக் கோணம் இனி எவருக்கும் வாய்க்காது.

ஆகவே, இதை வாசிக்கும் மாணவ நண்பர்களுக்கும், வீட்டில் பழைய இரயில் படங்களை வைத்திருப்போர்க்கும் மூன்று வேண்டுகோள்கள். படத்தை மின்னணு வடிவில் நகலெடுக்கும்போது பின்புறத்தையும் சேர்த்து நகலெடுங்கள். மின்கம்ப எண் தெரிந்தால் குறித்து வையுங்கள். சிக்னலும் வண்டியும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஓரங்களை வெட்டிவிடாதீர்கள். அந்த ஓரத்தில் யாருடைய கதவாவது இருக்கக்கூடும்.