எங்கள் செவலை இடம் மாறியது

குரங்கணி என்று என் ஊரின் பெயரைச் சொன்னால், வெளியூர்த் தோழியர் பலருக்கும் நினைவுக்கு வருவது 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் மூண்ட காட்டுத்தீதான். அந்தத் துயரத்தை நாங்களும் மறக்கவில்லை. ஆனால் எனக்கோ ஊர் என்றதும் முதலில் காதில் விழுவது குளம்போசை. விடியுமுன் கற்பாதையில் 'டக், டக்' என்று மலையேறும் பொதிக்குதிரைகளின் ஓசை. அந்தக் குதிரைகளில் ஒன்று எங்களுடையது. அதை ஒரு லாயத்திலிருந்து இன்னொரு லாயத்திற்கு மாற்றுவதா, வேண்டாமா என்று எங்கள் வீடு மூன்று மாத காலம் தடுமாறியது. அப்போது நான் கற்ற பாடத்தை இம்மலரின் வாயிலாகத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கிறது குரங்கணி. அதற்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் என்று ஊர்கள். ரயில் இல்லாத மலையில் ஸ்டேஷன் எப்படி வந்தது என்று நீங்கள் வியப்பீர்கள். மூணாற்றுத் தேயிலையைக் கீழே இறக்குவதற்காக வெள்ளையர்கள் 1902-இல் டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்றை அமைத்தார்கள். 1908-இல் அது சிறு ரயிலாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கி, தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்குப் போயின. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்துவிட்டது. பின்னர் கம்பிவடமும் போயிற்று. பெயர் மட்டும் நிலைத்தது. கூடவே குதிரையும் நிலைத்தது.

சாலை எட்டாத மலையூர்களுக்கு அரிசி, பருப்பு, சிமெண்டு, எரிவாயு உருளை எல்லாம் இன்றும் குதிரை முதுகில்தான் ஏறுகின்றன. காப்பிக்கொட்டையும் மிளகும் இலவம்பஞ்சும் குதிரை முதுகில்தான் இறங்குகின்றன. தேர்தல் வந்தால் போடி மலையூர்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களும் குதிரையேறிப் போனதுண்டு.

எங்கள் குதிரையின் நிறம் செம்பழுப்பு. ஆகையால் அதற்குச் 'செவலை' என்று பெயர். மட்டக்குதிரைதான், ஆனால் மலையில் அதன் கால் தவறி நான் பார்த்ததில்லை. மட்டக்குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது, எந்தப் பொதி விலங்கையும் நாளில் 9 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 1965-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதி ஒன்று உண்டு. அப்பா அந்த விதியைப் படித்ததில்லை. ஆனாலும் இந்தப் பக்கம் 35, அந்தப் பக்கம் 35 என்று நிறுத்துத்தான் பொதி கட்டுவார். என் விடுதிக் கட்டணமும் அந்த முதுகில்தான் வருகிறது என்பதை நான் மறைக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் குதிரை கட்ட இடமில்லை. ஆகவே ஆற்றோரம் ஒரு பெரியவரின் லாயத்தில் மாதக் கூலி கொடுத்துக் கட்டியிருந்தோம். அங்கே இன்னும் ஆறு குதிரைகள் நின்றன. அப்பா அவரை 'மாமா' என்பார். எனக்கு அவர் தாத்தா. அவருக்கு எங்கள் குடும்பம் பட்டிருக்கும் கடன் பெரிது. நான்காண்டுகளுக்கு முன் ஓர் இரவு செவலைக்குக் கடுமையான வயிற்றுவலி கண்டது. குதிரைக்கு வயிற்றுவலி என்றால் நம்முடையதைப் போன்றதல்ல. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது; உள்ளே அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. தாத்தா தீனியை அகற்றி, டாக்டருக்கு ஆளனுப்பி, அவர் வந்து சேரும்வரை செவலை கீழே விழுந்து புரளாதபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடத்திக்கொண்டே இருந்தார். விடிந்தபோது செவலை பிழைத்திருந்தது. தாத்தாவின் கால்கள்தாம் வீங்கியிருந்தன.

அப்படிப்பட்டவருக்கு இப்போது கண்ணில் புரை. உதவிக்கு நின்ற பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறைக்கு நான் ஊருக்குப் போனபோது லாயத்தில் கால் வைத்ததுமே மூக்கைக் காந்தியது. மண்தரை குழிந்து, மூத்திரமும் சாணமும் தேங்கியிருந்தன. கூரை ஒழுகும் மூலையில் சோளத்தட்டை அடுக்கியிருந்தது. உருவிப் பார்த்தால் பூசணம். செவலையின் காலைத் தூக்கினேன். குளம்பின் அடியில் முக்கோணமாக மெத்தென்று ஒரு பகுதி இருக்குமே, அதன் ஓரத்தில் கறுப்பாகக் கசிந்து நாற்றம் வந்தது.

"அப்பா, குளம்பு அழுகுதுப்பா" என்றேன்.

"தெரியும்மா" என்றார் அப்பா, தலையைத் தூக்காமலே. "எப்படிப் போய்ச் சொல்றது? அந்த மனுசன் இல்லைன்னா இன்னிக்கு இந்தக் குதிரை ஏது?"

கால்நடை மருத்துவர் பார்த்தார். குளம்பைச் சுத்தம் செய்து மருந்து போட்டார். ஆனால், "உலர்ந்த தரைதான் முதல் மருந்து. ஈரத்திலேயே நிறுத்தினால் நான் ஊற்றுகிற மருந்தெல்லாம் வீண்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா தினமும் இருட்டோடு போய்ச் செவலை நிற்கும் இடத்தை மட்டும் கூட்டிவிட்டு வந்தார். அதுவும் தாத்தாவுக்குத் தெரியாமல்! ஒரு முழத் தரையைக் கூட்டினால் மழை விட்டுவிடுமா? தீபாவளிக்கு நான் வந்தபோது செவலை முன்னங்கால் ஒன்றைத் தாங்கித் தாங்கி வைத்தது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மாமாவுக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். அதுக்குக் குதிரையோட காலையா குடுப்பீங்க?" என்றாள்.

அதன்பின் இடம் பார்க்கத் தொடங்கினோம். போடியில் ஒரு லாயம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அப்பாவும் நானும் போனோம். வாசலில் வண்ணப் பலகை, சிமெண்டுத் தரை, குழாயைத் திருகினால் தண்ணீர். கல்யாண ஊர்வலத்திற்குப் போகும் வெள்ளைக் குதிரைகள் தனித்தனி அறைகளில் நின்றன. எனக்கு அங்கேயே மனம் நிறைந்துவிட்டது. இப்படியோர் இடத்தில் எங்கள் குதிரை நிற்கிறது என்று தோழியரிடம் சொல்லிக்கொள்ளலாமே என்ற ஆசையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு குதிரை நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தது. "பாருங்கப்பா, ஆடுது!" என்றேன் மகிழ்ச்சியோடு.

"அது ஆட்டம் இல்லைம்மா, ஏக்கம்" என்றார் அப்பா. குதிரை கூட்டமாக வாழும் பிராணி. தன் இனத்தைத் தொடவும் முடியாமல், நடக்கவும் வழியின்றி, நாளெல்லாம் அடைபட்டால் இப்படி ஒரு பழக்கம் வந்துவிடுமாம். உச்சிவேளையில் தகரக் கூரை அனலாய்க் கொதித்தது. லாடம் அடித்த குளம்புக்கு வழுவழுப்பான சிமெண்டு வழுக்கும். அன்றாடம் தார்ச்சாலையில் 16 கி.மீ. வந்து, மலையேறி இறங்கி, மீண்டும் 16 கி.மீ. திரும்ப வேண்டும். நான் பார்த்தது பலகையை. அப்பா பார்த்தது குதிரையை.

இரண்டாவது இடம் எங்கள் ஊரிலேயே, மேட்டில் இருந்தது. பலகையும் இல்லை, வண்ணமும் இல்லை. அப்பா அங்கே ஒருமுறை அல்ல, மூன்று முறை போனார். விடியற்காலை ஒருநாள், கொட்டகையைக் கூட்டுவதற்கு முன்பே போய் மூச்சை இழுத்துப் பார்த்தார், காந்தவில்லை. தரையில் கற்பலகை பாவி, மூத்திரம் வடிய வாட்டம் விட்டிருந்தார்கள். இன்னொரு நாள் ஒரு பிடி தட்டையை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார், தூசி எழவில்லை. மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில், குதிரைகள் மலையிறங்கி வரும்போது நானும் உடன் சென்றேன். வந்தவுடன் சேணத்தைக் கழற்றினார்கள். முதுகில் புண் இல்லை. அப்பா கேட்டு, இரண்டு குதிரைகளின் காலையும் தூக்கிப் பார்த்தார். குளம்புகள் காய்ந்து உறுதியாக இருந்தன. "லாயக்காரர் வாயைக் கேக்காதே, குதிரையோட காலைக் கேளு" என்றார் என்னிடம்.

கூலிதான் இரு மடங்கு. அன்றிரவு வீட்டில் கணக்குப் போட்டோம். "வாரத்துக்கு ஒரு நடை கூடப் போட்டா ஈடு கட்டிடலாம்" என்றார் அப்பா.

"கூடுதல் கூலியையும் அதுவேதான் சுமக்கணுமா?" என்றாள் அம்மா.

அப்பா பேசவில்லை. காப்பிப் பழம் பறிக்கும் பருவம் அது. அம்மா பறிப்புக்குப் போவது என்றும், செவலைக்குக் கால் ஆறும்வரை அப்பாவும் கூடப் போவது என்றும் முடிவாயிற்று. வகுப்புச் சுற்றுலாவுக்குக் கொடுத்திருந்த என் பெயரை நான் எடுத்துவிட்டேன். அதைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. கால் நொண்டும் குதிரைக்கு முன்னால் அது சிறிய விஷயம்.

எல்லாம் முடிவாகியும் எஞ்சியிருந்தது ஒன்றே. தாத்தாவிடம் யார் சொல்வது? அப்பா இரண்டு முறை போய், மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினார். அரையாண்டு விடுமுறையில் ஒரு காலைப்பொழுது மூவருமாகப் போனோம். அப்பா தலையைக் குனிந்தபடி சொல்லி முடித்தார். தாத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செவலையிடம் போனார். தோளிலிருந்து கையைத் தடவி இறக்கினார். கேட்காமலே அது காலைத் தூக்கிக் கொடுத்தது. குளம்பின் அடியை விரலால் தடவினார். விரலை முகர்ந்தார்.

"எத்தனை நாளா மாப்ள?"

"மூணு மாசமா, மாமா."

"மூணு மாசம்! எனக்குத்தான் கண்ணு தெரியல. உனக்கு வாயுமா இல்லாமப் போச்சு?"

அப்பா கண்கலங்கிவிட்டார். "உங்க மனசு நோகுமேன்னு..."

"என் மனசு நொந்தா ராத்திரி தூங்கி எந்திரிச்சா ஆறிடும். இது ராவும் பகலும் இந்தக் கால்லதானேப்பா நின்னுச்சு? மத்த குதிரைகளோட காலையும் தூக்கிப் பாருங்க."

பார்த்தோம். ஆறில் இரண்டுக்கு அழுகல் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டு மௌனம் செவலையின் காலை மட்டும் தின்னவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் செவலையை மேட்டு லாயத்திற்கு நடத்திக்கொண்டு போனவர் தாத்தாவேதான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். தீனியைத் திடீரென்று மாற்றினால் மீண்டும் வயிற்றுவலி வரும் என்று, அது தின்று பழகிய தட்டையில் பூசணமில்லாததாகப் பத்து நாளைக்கு ஒரு கட்டுத் தேர்ந்து கொடுத்து, புதியதைச் சிறிது சிறிதாகக் கலக்கச் சொன்னார். கொள்ளை எவ்வளவு ஊற வைப்பது, எந்தப் பக்கம் நின்று சேணம் போட்டால் மிரளாது என்று புதிய லாயக்காரரிடம் ஒவ்வொன்றாய் ஒப்புவித்தார். பெண்ணைப் புகுந்த வீட்டில் விட்டுவரும் தகப்பனைப் போல இருந்தது அது.

செய்தி பரவியதும் மற்றக் குதிரைக்காரர்கள் ஒன்றுகூடினார்கள். ஆற்றோரத்து லாயத்தின் குழிந்த தரையைத் தூர்த்து, கல் பாவி, ஓடை வெட்டினார்கள். எங்கள் அப்பாவும் இரண்டு நாள் கல் சுமந்தார். இதை மூன்று மாதத்திற்கு முன்பே செய்திருந்தால் செவலை இடம் மாற வேண்டிய தேவையே வந்திருக்காதோ என்று நான் கேட்டேன். அப்பா பதில் சொல்லாமல் அடுத்த கல்லைத் தூக்கினார்.

பொங்கலுக்குப் போனேன். குளம்பு காய்ந்திருந்தது, நாற்றம் இல்லை. வெறும் முதுகோடு மெல்ல நடந்து பழகிக்கொண்டிருந்தது செவலை. இன்னும் சில வாரங்கள் பொதி ஏற்றக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. மாலையில் தாத்தா கம்பை ஊன்றிக்கொண்டு மேடேறி வந்தார். மடியில் ஒரு பிடி கொள்ளு. அவர் வளைவில் திரும்புவதற்கு முன்பே செவலை காதை விறைத்துக்கொண்டு கனைத்தது.

'தாட்சண்யம் தன நாசம்' என்று பெரியோர் சொல்வர். முகத்திற்கு அஞ்சி வாய் மூடிக்கிடந்தால் பொருள் போகும் என்பது அதன் கருத்து. எங்கள் வீட்டில் பொருள் போனது பெரிதல்ல. நாங்கள் பட்ட கடனுக்கும், காட்டிய மரியாதைக்கும், விலையைக் கொடுத்தது வாயில்லா ஜீவன் ஒன்று. அதுவன்றி, உண்மையைத் தாங்கமாட்டார் என்று நாங்களே முடிவு செய்து, ஒரு நல்ல மனிதரை மூன்று மாதம் குறைத்து மதிப்பிட்டும் விட்டோம்.

தோழியரே, நாம் நேசிப்பவரிடம் சொல்லத் தயங்கும் சொல் ஒவ்வொருவரிடமும் ஒன்றாவது இருக்கும். அதைச் சொல்லாததால் யாருடைய கால் ஈரத்தில் நிற்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். பார்த்தபின், பணிவோடு, ஆனால் தாமதியாமல் சொல்லிவிடுங்கள்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவி, குரங்கணி