மூடி போட்டு எழுதச் சொன்ன ஊர்

2019 நவம்பரில் இந்தியாவிலிருந்து நிறையப் பேர் ட்விட்டரை விட்டு மாஸ்டடானுக்குப் போனார்கள். வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை முடக்கியது ஒரு காரணம். நீலக் குறி கொடுப்பதில் சாதி பார்க்கிறார்கள் என்று தலித்துகள் போட்ட சத்தம் இன்னொரு காரணம். நானும் போனேன். அங்கே ஒரே முதலாளி கிடையாது. ஏராளமான சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகி, தனி விதி. பிடிக்காத சர்வரை இன்னொரு சர்வர் துண்டித்துவிடலாம். அந்த ஆண்டு ஜூலையில் வெள்ளை இனவெறியர்கள் கூடிய 'கேப்' அதே மென்பொருளுக்கு வந்தபோது, பல சர்வர்கள் கதவைச் சாத்தின. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

நான் சேர்ந்த சர்வரில் எங்க ஊர் டீக்கடைத் தனிக்குவளையைப் பற்றி எழுதினேன். "படிக்கிறவங்களுக்குச் சங்கடமா இருக்கும், எச்சரிக்கை மூடி போட்டு எழுதுங்க" என்றார் நிர்வாகி. குவளையைக் கழுவி வச்சவன் நான், சங்கடம் அவங்களுக்காம்! 2022-இல் ஈலோன் மஸ்க் ட்விட்டரை வாங்கிய பிறகு மாஸ்டடானுக்குப் போன கறுப்பின மக்களும் இதையேதான் சொன்னார்கள். பட்ட இனவெறியை எழுதினால் மூடி போடச் சொல்கிறார்களாம்.

'பிடிக்கலேன்னா வேற சர்வருக்குப் போ' என்பார்கள். பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். எழுதியதெல்லாம் பழைய இடத்திலேயே கிடக்கும். அதிகாரத்தை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தால் விடுதலை வந்துவிடுமா? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தை அலகாக்கச் சொன்னவர்களை அம்பேத்கர் மறுத்துப் பேசினார். தனிமனிதர்தான் அலகு என்றார்.

இந்தத் 'தேர்வு' விஷயத்தை என் அக்கா மகன் ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டிலும் பார்த்தேன். 1974-இல் வந்தது. பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடணும். எதை வேணா தேர்ந்தெடுக்கலாம். ஆனால் 2000-இல் வந்த விதிநூலில் 'அரை-ஆர்க்' இனத்தை எடுத்தால், பிறப்பிலேயே பலம் கூடுதல், அறிவு குறைவு! இது நமக்குத் தெரியாத சங்கதியா? ஆட்டக்காரர்கள் விடாமல் சண்டை போட்டார்கள். 2020-இல் அந்தப் புள்ளிகளை மாற்றிக்கொள்ள வழி வந்தது. 2024 நூலில் புள்ளிகள் பிறப்பை விட்டு, பாத்திரம் வாழ்ந்த பின்னணிக்குப் போயின. விதியை மாற்றும்வரை தேர்வு வெறும் பேச்சுத்தான்.

அதனால நாங்க நாலு பேர் சொந்தமா ஒரு சர்வர் போட்டோம். பட்டதை எழுத மூடி வேண்டாம். சாதி சொல்லி இழிவு செய்தால் வெளியே. புகாரை மூணு பேர் விசாரிக்கணும், அதில் ஒரு பெண் கட்டாயம். முதல் புகாரே எங்க ஆள் மேலதான் வந்தது. அருந்ததியர் பையன் ஒருத்தனைக் கேலி பண்ணியிருந்தார். ஒரு மாதம் நிறுத்தி வைத்தோம். "நமக்குள்ளேயேவா?" என்று கோவிச்சுக்கிட்டு ரெண்டு பேர் போய்விட்டார்கள். விதியை நாங்கள் மாற்றவில்லை. அந்தப் பையன் இன்னும் எழுதுகிறான்.