கடலுக்கும் நிரை உண்டு

வெலிமடைக்காரிக்கும் மன்னார்க் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். கலைப்பீடத்துல புவியியல் படிக்கிறேன், வரைபடம் போடுறது பிடிக்கும், அவ்வளவுதான் சம்பந்தம்.

மன்னார்ல எண்ணெய் தேடுறது பழைய கதை. 1974ல் சோவியத் உதவியோட பேசாலையில் துளையிட்டார்கள். 1981ல் வளைகுடாவுக்குள்ளேயே 'பேர்ல்-1' கிணறு. இரண்டிலும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. 2011ல் கெய்ர்ன் நிறுவனம் 'டொராடோ' கிணற்றில் எரிவாயுவைக் கண்டது, 'பாரகூடா'விலும் கண்டது, மூன்றாவது கிணறு வெறுமை. 2015ல் அவர்களும் போய்விட்டார்கள். வாயு இன்னும் கடலுக்கடியில்தான் கிடக்கு.

துளையிடுவதற்கு முன்னாடி கடலுக்கடியை ஒலியால் தடவிப் பார்ப்பாங்க. கப்பலுக்குப் பின்னால் கிலோமீற்றர் கணக்கில் நீளமான கேபிள்கள் இழுபட்டு வரும். கேபிள் முழுக்கக் காதுகள் மாதிரி உணரிகள். காற்றுத் துப்பாக்கி வெடிக்க, ஒலி பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும். வெடித்த இடத்துக்கும் கேட்ட இடத்துக்கும் சரிபாதியில் இருக்கிற புள்ளியைத்தான் கணக்கில் எடுப்பாங்க. கடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை புள்ளி விழுந்தது என்று நிறம் போட்டால், அதுதான் கவரேஜ் வரைபடம். கடலுக்கடியில் என்ன இருக்குன்னு அது சொல்லாது. நாம எங்கே எவ்வளவு பார்த்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லும்.

உண்மைத் தரவு கையில் இல்லாததால் பைதன்ல நானே ஒரு பொய்க் கடல் செய்தேன். 8 கேபிள், ஒவ்வொன்றும் 6 கிலோமீற்றர். தண்ணீர் அசையாமல் இருந்தவரை படம் அழகாக நிறைந்தது. பிறகு நீரோட்டத்தைச் சேர்த்தேன். கேபிள் வெறும் 8 பாகை சாய்ந்தாலே அதன் வால் 800 மீற்றருக்கு மேல் விலகிப்போகுது. போகும்போது ஒரு பக்கமும், அடுத்த ஓட்டத்தில் மறுபக்கமும் சாய்ந்தால் நடுவில் வெள்ளைக் கீற்று விழும். அந்த இடத்துக்குக் கப்பல் திரும்பவும் போகணும். காசு, எரிபொருள், நாள் எல்லாம் அதுக்குத் தனி.

விடுமுறையில் அம்மாவிடம் போனில் இந்தப் படத்தைக் காட்டினேன். கொழுந்து எடுக்கிற கண், ஒரு பார்வைதான்.

"நடுவுல ஒரு நெர உட்டுப் போயிருக்கே. கங்காணி பாக்கலையா?"

கண்காணிக்கிற ஆள் இருந்தால் திரும்பிப் போய் எடுக்கணும், இல்லாட்டிக் கொழுந்து முத்திப்போகும். எனக்கு முழுப் பாடமும் அந்த ஒரு வரியில் புரிஞ்சது.

ஆனா அம்மாவுக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் இதில் இருக்கு. கிட்ட இருக்கிற காதுகளையும் தூரத்துக் காதுகளையும் சேர்த்து ஒரே படமாகப் போட்டால் எல்லாக் கட்டமும் நிறைந்த மாதிரித் தெரியும். தூரத்துக் காதுகளைத் தனியாகப் பிரித்துப் போட்டால்தான் கீற்று வெளியே வரும், ஏன்னா அதிகம் விலகிப்போறது வால்தான். அதனால்தான் கப்பலில் ஒவ்வொரு தூரத்துக்கும் தனித்தனிப் படம் போடுறாங்க.

இதைப் படிச்ச பிறகு புள்ளிவிபர அட்டவணைகளை நான் வேற மாதிரிப் பார்க்கிறேன். 2019 குடும்ப வருமானச் செலவு ஆய்வில் இலங்கையின் வறுமை விகிதம் 14.3 சதவீதம். அதையே நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்தால் நகரம் 6, கிராமம் 15, தோட்டம் 33.8. மொத்தமாகப் பார்த்தால் நாடு ஓரளவு நிறைந்த படம். பிரித்துப் போட்டால் நம்ம லயம் வெள்ளைக் கீற்று.

தோட்டத்தையும் இன்னும் பிரிக்கணும் என்று தோணுது. எத்தனையோ லயங்களுக்கு இன்னும் தனி வீட்டிலக்கம் கிடையாது. எனக்குக் கம்பஸ் கடிதம் வந்தபோதும் உறையில் தோட்டத்துப் பெயர்தான் இருந்தது. அதைக் கொண்டுவந்து தந்தவருக்கு எங்கள் வாசல் தெரிந்திருந்ததால் வந்து சேர்ந்தது. முகவரி இல்லாத வாசலில் எந்தக் கணக்கெடுப்பின் புள்ளி எத்தனை தடவை விழுந்திருக்கும்?

ஒரு கட்டம் காலியாக இருந்தால் இரண்டு அர்த்தம் இருக்கலாம்: அங்கே ஒன்றும் இல்லை, அல்லது அங்கே யாரும் பார்க்கவில்லை. கடலில் இந்த இரண்டையும் குழப்பினால் கோடிக்கணக்கில் நட்டம் என்பதால் கப்பலைத் திருப்புறாங்க. மலையில் யார் திருப்புவது? அடுத்த தவணை ஆய்வுக்கட்டுரைக்கு எங்கள் டிவிஷனின் லயங்களை ஒவ்வொரு வாசலாகக் குறிக்கலாம் என்று இருக்கிறேன். ஜிபிஎஸ் போனில் இருக்கு. நடக்கக் காலும் இருக்கு.