தோல்விக்குக் காரணம் கேள்!

பொறி சிந்திக்கிறதாம்! தேநீர்க் கடையிலே பேசுகிறார்கள். மாலையிலே வேலை முடிந்து, காலணித் தொழிற்சாலையின் வாயிலைக் கடந்து வரும் தோழர்கள் பேசுகிறார்கள். எங்கள் ஆசிரியர் அறையிலும் அதே பேச்சுத்தான். வியப்பவர் சிலர், அஞ்சுபவர் பலர், கைகூப்பிடத் துணிந்துவிட்டவரும் உளர். எப்படிச் சிந்திக்கிறது என்று கேட்பவரோ மிகச் சிலர்! கலைக் கல்லூரியிலே வரலாறு பயின்று, ஆம்பூரிலே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியன் நான், கணித மேதையல்லன். எனினும், காரணம் கேட்கப் பட்டம் எதற்கு, தோழர்களே?

வகுப்பிலே ஒருநாள் ஒரு கேள்வி போட்டேன். பதினொரு ஜோடி காலணிகள், பத்துப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு ஜோடிதான். அடங்குமா? கடைசி வரிசையிலே ஒரு மாணவி. அவள் தாய் காலணியின் மேல்தோல் தைப்பவர். "ஒண்ணு மிஞ்சும், சார்" என்றாள். நொடிப்பொழுதில் விடை!

இதையே கணிப்பொறியிடம் கொடுத்து, ஒவ்வொரு ஜோடியையும் ஒவ்வொரு பெட்டியிலும் வைத்துப் பார் என்றால், பத்தாயிரம் கோடி வழிகள் உண்டு. அத்தனையும் பார்த்தபின் "அடங்காது" என்னும். இது உழைப்பு, அறிவாகுமா? தருக்கம் செய்யும் பொறியை ஆக்கியோர், அரை நூற்றாண்டுக்கு மேலாகப் போராடியது இந்த வீண் உழைப்பை எதிர்த்துத்தான்.

1960-இல் மார்ட்டின் டேவிஸ், ஹிலரி பட்னம் இருவரும் வழியொன்று வகுத்தனர். 1962-இல் லோக்மன், லவ்லேண்ட் என்போருடன் சேர்ந்து டேவிஸ் அதைத் திருத்தினார். பள்ளியின் கால அட்டவணை போடுவதை எண்ணிப் பாருங்கள். திங்கள் முதல் மணி தமிழ் என்று கொள். அதிலிருந்து எவையெவை தாமே முடிவாகின்றன என்று பார். பின் அடுத்ததைக் கொள். ஓரிடத்திலே ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பில் நிற்க வேண்டி வந்தால், அது முரண்; பின்வாங்கு, மாற்று. நல்ல முறைதான். ஆனால், ஆம்–இல்லை என இருபது முடிவுகள் எடுக்க வேண்டுமென்றாலே, வழிகள் 10,48,576! முட்டிய சுவரிலேயே மீண்டும் மீண்டும் முட்டிற்று பொறி.

1996-இல் மார்க்கஸ்-சில்வா, சகல்லா இருவரும் அமைத்த 'கிராஸ்ப்' என்ற நிரல், முட்டிய இடத்திலே நின்று ஒரு கேள்வி கேட்டது: ஏன் முட்டினேன்? இருபது முடிவுகளில் பதினெட்டு குற்றமற்றவை. மூன்றாவதும் ஏழாவதும் கூடியதே முரணுக்குக் காரணம் என்று கண்டால், "இவ்விரண்டும் இனிக் கூடலாகாது" என்று புதுவிதி எழுதிக்கொண்டது. இடையிலுள்ளவற்றைத் தாண்டி, நேரே பின்னோக்கிப் பாய்ந்தது. அந்த ஒரு விதி, அதே தவறு ஒளிந்திருக்கும் எண்ணற்ற வழிகளை ஒரே வெட்டிலே வீழ்த்தியது!

2001-இல் பிரின்ஸ்டனில் சரத் மாலிக்கும் அவருடைய மாணவர்களும் 'சாஃப்' என்ற நிரலை உருவாக்கினர். நிபந்தனைகள் இலட்சக்கணக்கில் இருப்பினும், ஒவ்வொன்றிலும் இரண்டே உறுப்புகளைக் காவலர் போல் நிறுத்தி, அவற்றில் ஒன்று வீழ்ந்தால் மட்டும் அந்த நிபந்தனையைத் திரும்பிப் பார்த்தது. வேகம் பன்மடங்காயிற்று.

ஆயினும், எங்கள் மாணவியின் கணக்கு இருக்கிறதே, அது பொறியைப் பழிவாங்கிற்று! பொறிகள் கையாளும் தருக்க முறைக்கு, ஜோடிகள் பெருகப் பெருக நிறுவலின் நீளம் தாங்கொணாது வளரும் என்று 1985-இல் ஆர்மின் ஹேக்கன் மெய்ப்பித்தார். முன்பே, 1976-இல், ஸ்டீபன் குக் காட்டிய வழி வேறு: புதுக் கருத்துகளுக்குப் புதுப் பெயர் சூட்டிக்கொள்ள அனுமதித்தால், அதே உண்மைக்குக் குறுகிய நிறுவல் உண்டு. மாணவி செய்தது என்ன? 'எண்ணிக்கை' என்ற கருத்தைக் கையிலெடுத்தாள், வென்றாள்.

இத்துறை நமக்கு அயலன்று. சென்னையிலே, 1962-இல் தொடங்கப்பட்ட கணித அறிவியல் நிறுவனத்தில், நிறுவல்கள் எவ்வளவு குறுகலாம், எங்கே குறுக மறுக்கும் என்று மீனா மகாஜன் போன்றோர் ஆய்ந்துள்ளனர். அளவைகளையும், போலி வாதங்களையும் வகைப்படுத்திக் காட்டிய மணிமேகலை பிறந்த மொழியல்லவா நம்முடையது!

இங்கேதான் என் கவலையும் தொடங்குகிறது. ஒரு மாணவியின் உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வந்தது. தாயுடன் ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். "கணினி ஏற்கவில்லை" என்றார்கள். ஏன்? "கணினி ஏற்கவில்லை!" அவ்வளவே. அந்தத் தாய் தலைகுனிந்து திரும்பினார், விதியை ஏற்பது போல.

காரணம் சொல்லாத கணினி கணினியாகாது, தோழர்களே. அது புதுக் குறிசொல்லி! உண்மையான தருக்கப் பொறி தன் முடிவோடு நிறுவலையும் நீட்டுகிறது. வேறொரு சிறு நிரல் அதை வரிவரியாகச் சரிபார்க்கிறது. 2016-இல், ஒன்று முதலான எண்களுக்கு இரு நிறம் பூசும் கணக்கொன்று தீர்ந்தது. முதலெண்ணின் வர்க்கமும் அடுத்ததன் வர்க்கமும் கூடி மூன்றாவதன் வர்க்கமாகும் மூன்று எண்கள் ஒரே நிறம் பெறலாகாது. 7,824 வரை அது இயலும், 7,825-இல் இயலாது. அந்த நிறுவல் ஏறத்தாழ 200 டெராபைட்! அதையும் சரிபார்த்தே ஏற்றனர்.

நம் மாவட்டத்துக்கு இந்த நெறி புதிதன்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றை நஞ்சாக்கிய வழக்கிலே, 1996 ஆகஸ்ட் 28-இல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அவ்வழக்கிலே, உச்ச நீதிமன்றம் உரைத்தது என்ன? தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, செயலைச் செய்பவனுடையது. நீருக்கு ஏங்கி நிற்பவனுடையதன்று!

அதே அளவுகோலைப் பொறிக்கும் பிடிப்போம். எந்தக் கூற்றுகளிலிருந்து தொடங்கினாய்? யார் அவற்றைத் தந்தார்? எந்தப் படி வழியே வந்தாய்? தொடக்கக் கூற்று பொய்யாயின், எவ்வளவு விரைந்து ஓடினாலும் பொய்யிலேயே போய்ச் சேரக்கூடும். ஒன்றையொன்று மறுக்கும் கூற்றுகளைத் தந்தாலோ, எதை வேண்டுமானாலும் 'மெய்ப்பித்து'க் காட்டும்!

முட்டிய இடத்தில் நின்று காரணம் கேட்டதால் பொறி விரைவுற்றது. மனிதர் நாம், பல தலைமுறையாய் ஒரே சுவரில் முட்டிவிட்டு, "தலையெழுத்து" என்று தடவிக்கொள்வதா? காரணம் கேளுங்கள், கண்டதை எழுதி வையுங்கள், அடுத்த தலைமுறை அதே சுவரில் முட்டாதிருக்கட்டும். "கணினி ஏற்கவில்லை" என்று எவரேனும் சொன்னால், அந்தத் தாயின் பக்கத்திலே நின்று, நிறுவலைக் காட்டு என்று கேளுங்கள்!