மணிலாவில் மூன்று நாட்கள்

 

நம் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் பயணம் என்றாலே வேன் நிறைய உறவினர் இருக்க வேண்டும். ஏர்வாடியோ, குற்றாலமோ, போன இடத்திலும் அடுப்பு மூட்டுபவர்கள் பெண்களே. கணவனும் மனைவியும் தனியே புறப்பட்டால், "இருவர் மட்டும் எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ பயணம் புறப்படும்போது மனைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் சென்றார்கள். ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயமும் ஓடினார்கள்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வளைகுடாவில் பிலிப்பைன்ஸ் நாட்டவரோடு பணிபுரிகிறார். "ஹஜ்ரத், மனைவியை மூன்று நாள் மணிலாவுக்கு அழைத்துப் போக ஆசை. ஆனால் அங்கே பன்றி இறைச்சிதானே அதிகம்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மணிலா நமக்கு முற்றிலும் அந்நியமன்று. ராஜா சுலைமான் என்ற முஸ்லிம் அரசர் ஆண்ட ஊர் அது; 1571இல் ஸ்பானியர் அதைத் தம் தலைநகராக்கினர். இன்ட்ராமுரோஸ் என்னும் பழைய கோட்டை நகரைச் சுற்றிப் பார்க்க முதல் நாள் போதும். 1762இல் சென்னையிலிருந்து சென்ற ஆங்கிலேயப் படை மணிலாவைப் பிடித்தது. அதில் இருந்த சிப்பாய்கள் சிலர், 1764இல் படை திரும்பியபோதும் அருகிலுள்ள காயின்டாவில் தங்கிவிட்டனர். கடலைக் குழம்பான 'காரே-காரே' அவர்கள் வழி வந்தது என்பாரும் உண்டு. அந்தக் கடலையைத்தான் தமிழ்நாட்டின் சில பகுதிகளில் மணிலாக்கொட்டை என்கிறோம். அவர்களுடைய 'மங்கா' நம் மாங்காய். அரிசிமாவை ஆவியில் வேகவைத்த 'புட்டோ' நம் புட்டை நினைவூட்டும்.

உணவில் மட்டும் எச்சரிக்கை தேவை. அடோபோ, லும்பியா ஆகியவற்றில் பன்றி இறைச்சி சேர்வது வழக்கம். காய்கறிக் கறியிலும் சேர்ப்பார்கள். காரே-காரேயில் மாட்டு வால் இருந்தாலும், முறைப்படி அறுத்ததா என்று கேட்காமல் உண்ணலாகாது. ஆகவே வெள்ளிக்கிழமையைக் கியாப்போ பகுதிக்கு ஒதுக்குங்கள். 1976இல் கட்டப்பட்ட தங்கப் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு, சுற்றியுள்ள முஸ்லிம் உணவகங்களில் சாப்பிடலாம். அந்நாட்டில் நூற்றுக்குச் சுமார் ஆறு பேர் முஸ்லிம்கள். வாழையிலையில் சோறும் உதிர்த்த கோழியும் வைத்து மடித்த 'பாஸ்டில்', கருக்கிய தேங்காயில் சமைத்த 'தியுலா இதும்' ஆகியவை அவர்களுடைய உணவுகள். தேங்காய் அரைத்தே பழகிய நம் பெண்கள், தேங்காயைக் கருக்கியும் சமைக்கலாம் என்று வியந்து சுவைப்பார்கள்.

மூன்றாம் நாளை வெறுமையாக விடுங்கள். மணிலா விரிகுடாக் கரையில் அமர்ந்து பேச நேரம் வேண்டுமல்லவா? தொழுகைக்குப் பயணியின் சலுகை உண்டு. 2025 ஜூன் முதல் 14 நாட்கள் வரை சுற்றிப் பார்க்க இந்தியருக்கு விசாவும் தேவையில்லை.

திட்டம் எழுதும் தாளை முதலில் மனைவியிடம் கொடுங்கள். எத்தனையோ ஆண்டுகள் நமக்குப் பரிமாறியவர், தமக்கு என்ன வேண்டும் என்று எழுதட்டும். மணிலா எட்டாதவர்கள், கையில் ஒரு பால்கோவாப் பொட்டலத்துடன் செண்பகத்தோப்பு அடிவாரத்தில் ஒரு பகலைக் கழித்தாலும் அந்தத் தாள் அவரிடமே இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் இல்லறங்களில் அன்பையும் இரக்கத்தையும் பெருகச் செய்வானாக! ஆமீன்.